பன்னிரண்டாவது ஊசி

அந்த வருடம் அல்பா குலுக்கலில் தயெர்லினின் பெயர் விழுந்தபோது, சாப்பாட்டுக்கூடத்தில் இருந்த முந்நூறு பேரில் முதலில் கைதட்டியவள் நொஹேலியாதான். சீட்டில் அந்தப் பெயரை எழுதிப் போட்டதும் அவள்தான். தயெர்லின் வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

"என் மூஞ்சிக்கு ஒரு பெட்டி பத்தாதுடி. ஒரு கப்பல் நிறைய வேணும்."

"விழுந்தா பாத்துக்கலாம், சும்மா இரு" என்று சிரித்துக்கொண்டே நொஹேலியா சீட்டை மடித்துப் போட்டாள். கூடவே தன் பெயரையும் எழுதிப் போட்டிருந்தாள். அதை அவள் விளையாட்டாகப் போடவில்லை.

புது மரகாய்போ குடியிருப்புக்கு வருடத்துக்கு ஒரு பெட்டி அல்பா மருந்துதான் வரும். சீரிஸ் என்ற குறுங்கோளின் பனிப்பாறையை வெட்டித் தண்ணீராக்கி அனுப்புகிற சனங்களுக்குச் செவ்வாயில் இருப்பவர்கள் தரும் அன்பளிப்பு. பெட்டிக்குள் பன்னிரண்டு குப்பிகள், வாரத்துக்கு ஒரு ஊசி. முகத்தை அறுத்துத் தைப்பது, பூசி மறைப்பது போன்ற வேலையெல்லாம் அதில் கிடையாது. மருந்து உடம்புக்குள் போய் எலும்பையும் தோலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தும். தாய் வயிற்றில் பாதியில் விட்ட வேலையை முடித்துவைக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். ஆள் அதே ஆள்தான், ஆனால் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. பன்னிரண்டாவது ஊசி போட்டால் அந்த அழகு அப்படியே நிலைத்துவிடும். போடாவிட்டால் இரண்டு மாதத்தில் பழைய முகமே திரும்பிவிடும்.

ஊசி போடவேண்டியவள் நொஹேலியா. ஊருக்கு மருத்துவர் கிடையாது, அவள் ஒருத்திதான் நர்ஸ்.

இருவரும் ஒரே நடைக்கூடத்தில் எதிரெதிர் வீட்டில் பிறந்தவர்கள். இப்போது இருவருக்கும் முப்பத்தெட்டு வயது. நொஹேலியா சின்ன வயதிலிருந்தே லட்சணம். நீண்ட கழுத்து, அகன்ற கண்கள். இருவரும் சேர்ந்து நடந்தால் ஆட்கள் நொஹேலியாவைப் பார்ப்பார்கள், தயெர்லினின் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். தயெர்லினுக்குப் பெரிய தாடை, இடுங்கிய கண், கன்னம் முழுக்கக் குழி. அதையெல்லாம் அடுத்தவர் சொல்வதற்கு முன்னால் அவளே சொல்லிவிடுவாள். "நான் முன்னாடி போறேன், துளைபோடுற மெஷினுக்கு வழி விடுங்க" என்று தாடையைத் தடவிக்கொண்டே கூட்டத்துக்குள் நுழைவாள். நொஹேலியாவின் மகள் யுலிமாருக்கு அவள்தான் ஞானத்தாய். அப்படியாகத் தோழிகள் இருவரும் கொமாத்ரேக்கள் ஆனார்கள், கூடப்பிறந்த உறவுக்கு ஒரு படி மேல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தயெர்லினுக்கு அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு.

முதல் மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஊசி போட்டுப் பஞ்சை அழுத்தும்போது நொஹேலியா முகத்தைப் பார்ப்பாள், தயெர்லின் கண்ணாடியைக் கேட்பாள்.

"என்னடி, ஏதாவது நடக்குதா?"

"மூக்கு மேல ஒரு பரு வந்திருக்கு."

"அது போதும். தொடக்கம் நல்லா இருக்கு" என்பாள் தயெர்லின்.

நான்காவது வாரம் கன்னத்துக் குழிகள் ஆழம் குறைந்தன. ஐந்தாவது வாரம் தாடை. குறுகவெல்லாம் இல்லை, முகத்தின் மற்ற பாகங்கள் அதற்கு ஏற்றபடி எழும்பி வந்தன. கண்கள் திறந்துகொண்டன. இத்தனை வருடம் அந்தக் கண்களில் இப்படி ஒரு பழுப்பு இருந்ததை யாரும் கவனித்ததில்லை. ஊசி போட்டுவிட்டுக் கையைக் கழுவும்போது நொஹேலியா இரண்டு தடவை அந்த முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று மதியம் சாப்பாட்டுக்கூடத்து வரிசையில் தயெர்லின் முன்னால், நொஹேலியா பின்னால். பரிமாறுகிற எவேலியோ, ஆளுக்கு ஒன்று என்று கறாராக அரேப்பா ரொட்டி வைக்கிறவன், தயெர்லின் தட்டில் இரண்டு ரொட்டியை வைத்து, நடுவில் பிளந்து, கறுப்பு பீன்ஸை வழிய வழிய ஊற்றினான்.

"என்ன எவேலியோ, இன்னைக்கு யாருக்குப் பொறந்தநாள்?" என்றாள் தயெர்லின்.

"உங்களப் பாத்த கண்ணுக்குத்தான்."

வரிசையே சிரித்தது. தயெர்லின் வெட்கப்பட்டு நகர்ந்தாள். எவேலியோ தலையைத் தூக்காமல், "அடுத்தது" என்றான். அந்த அடுத்தது நொஹேலியா. இருபது வருடமாக அவளை அவன் "ராணி" என்று கூப்பிட்டுத்தான் பரிமாறியிருக்கிறான். ஒரு ரொட்டியை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். பாதியை அப்படியே தட்டில் விட்டுவிட்டு எழுந்தாள்.

அதற்குப் பிறகு அவள் எண்ண ஆரம்பித்தாள். நடைக்கூடத்தில் யார் யார் நின்று பேசுகிறார்கள், யார் கதவைப் பிடித்துக்கொண்டு வழிவிடுகிறார்கள், தன்னிடம் பேசிக்கொண்டே யாருடைய கண் தன் தோளுக்குப் பின்னால் போகிறது. எண்ண வேண்டாம் என்று நினைத்தால் கணக்கு தானாக ஏறியது.

அவள் கணவன் ஒஸ்வால்தோ, பம்பு வேலைக்காரன், வாரக்கணக்கில் தாடியோடு திரிகிறவன். ஆறாவது வாரத்து ஞாயிறு காலையில் மழமழவென்று மழித்துக்கொண்டு வந்து நின்றான்.

"எங்க போற?"

"எங்கயும் இல்லையே. தயெர் சாப்பிட வருவால்ல."

அவ்வளவுதான். அவன் வேறொன்றும் செய்யவில்லை. சாப்பிடும்போது தயெர்லினை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நிமிர்ந்து பார்க்காததையும் நொஹேலியா கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

அதையும் தாங்கியிருப்பாள். எட்டாவது வாரம் ஒரு காலையில் யுலிமாருக்குத் தலை பின்னப் போனாள். ஒன்பது வயது மகள் தலையை இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்மா. ஞானம்மா பின்னி விடுவாங்க. நீ இழுத்து இழுத்துப் பின்னுற."

"இத்தன நாள் இழுத்தது வலிக்கலயா?"

"வலிச்சுது. சொல்லல." பிறகு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, நான் பெரியவளானா ஞானம்மா மாதிரி ஆவேனா?" என்றாள்.

அதுவரை அந்தக் குழந்தையைப் பார்த்தவர்கள் எல்லாரும் அம்மாவை உரித்து வைத்திருக்கிறாள் என்றுதான் சொன்னார்கள். நொஹேலியா சீப்பை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

இன்னொன்றும் இருந்தது, அதை யாரிடமும் சொல்ல முடியாது. தயெர்லின் தன்னைத்தானே கேலி செய்வதை நிறுத்திவிட்டாள். துளைபோடும் மெஷின் இல்லை, கப்பல் நிறைய மருந்து இல்லை. ஒரு நாள் மருத்துவ அறையில் நொஹேலியாவே பழைய பழக்கத்தில், "என்ன, தாடை உள்ள வர வாசல் போதுமா?" என்று கேட்டாள். தயெர்லின் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "வேண்டாம்டி அது" என்றாள் மெதுவாக. இத்தனை வருடம் தன் காலடியில் கிடந்து தன்னை உயர்த்திக் காட்டியது அந்தக் கேலிதான் என்று அப்போதுதான் நொஹேலியாவுக்குத் தெரிந்தது. அதை உருவிவிட்டார்கள்.

ஒன்பதாவது ஊசியன்று தயெர்லின் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். பன்னிரண்டாவது ஊசி முடிகிற சாயங்காலம் ஊரே சேர்ந்து அவளுக்கு விருந்து வைக்கப்போகிறது, கிதார், பாட்டு எல்லாம் ஏற்பாடாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே போனாள். நொஹேலியா திரும்பி நின்று குப்பியைத் திறந்தாள். ஊசியில் பாதி மருந்தை ஏற்றினாள். மீதிப் பாதிக்கு உப்புநீரை ஏற்றினாள். குப்பியில் மிச்சமிருந்ததைக் கழுவும் தொட்டியில் விட்டாள்.

"வலிக்கல இன்னைக்கு" என்றாள் தயெர்லின்.

"கை பழகிடுச்சு."

அந்த வாரம் முழுக்க அவள் காத்திருந்தாள். எங்காவது ஒரு கன்னம் தொங்காதா, ஒரு குழி திரும்பி வராதா என்று. ஒன்றும் வரவில்லை. தயெர்லின் முன்னைவிட அழகாகத்தான் இருந்தாள். நொஹேலியாவுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. பத்தாவது ஊசியையும் பதினொன்றாவதையும் சொட்டு விடாமல் போட்டாள். எண்ணுவதையும் நிறுத்திவிடப் போவதாகச் சொல்லிக்கொண்டாள்.

பன்னிரண்டாவது ஊசிக்கு முன் ஒரு பரிசோதனை உண்டு. விரலில் கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கருவியில் விடவேண்டும். கல்லீரல் எண் நாற்பதுக்குள் இருந்தால் போடலாம். கடைசிக் குப்பியில் மருந்து இரண்டு மடங்கு. எண் மிஞ்சிய உடம்பில் அது போனால் மூன்று நாளில் கல்லீரல் கருகிவிடும் என்று பெட்டிக்குள் இருந்த தாளில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

காலையில் தயெர்லின் விரலை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு, விருந்துக்கு உடுப்பு மாற்றப் போனாள். கருவி ஐம்பத்தெட்டு என்று காட்டியது.

நொஹேலியாவுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோஷம். ஒரு நிமிடம் அதை அனுபவித்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் பயம் வந்தது. மிச்ச ரத்தத்தை மறுபடி விட்டாள். ஐம்பத்தெட்டு. மறுபடியும் விட்டாள். ஐம்பத்தெட்டேதான்.

செவ்வாயில் இருக்கும் மருத்துவர் உர்தனேட்டாவுக்குச் செய்தி அனுப்பினாள். கேள்வி போய்ப் பதில் வர ஒரு மணி நேரம் ஆகும். முதல் பதிலில் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார்: பதினொரு ஊசியும் முழு அளவில் போனதா?

'ஆம்' என்று எழுதி அனுப்பிவிட்டாள். விரல் தானாக எழுதியதுபோல் இருந்தது.

அடுத்த மணி நேரம் கழித்து வந்த பதில் நிம்மதியாக இருந்தது. முழு அளவில் போயிருந்தால் கவலை வேண்டாம், கடைசி நாட்களில் சிலருக்கு எண் ஏறி இறங்குவது உண்டு, உங்கள் கருவியும் பழையது, அவர் நன்றாக இருந்தால் இன்றே போடலாம், உங்கள் முடிவுக்கு விடுகிறேன்.

நொஹேலியா அதைப் படித்துவிட்டு உட்கார்ந்தாள். போடலாம் என்று ஒருவர் சொல்லியாகிவிட்டது. போட்டுவிட்டால் தன்னைப் பொறாமைக்காரி என்று யாரும் சொல்ல முடியாது. போடாவிட்டால் ஊர் முழுக்கச் சொல்லும், சொல்வது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அந்தப் 'போடலாம்', அவள் எழுதிய ஒரு பொய்யின் மேல் நின்றது. மருந்துத் தட்டில் கடைசிக் குப்பி இருந்தது. அதை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டு நெடுநேரம் இருந்தாள்.

பிறகு இன்னொரு கையால் இரண்டாவது செய்தியை எழுதினாள். ஒன்பதாவது வாரம் பாதிதான் போட்டேன். தெரிந்தேதான் போட்டேன்.

அந்தப் பதிலுக்குக் காத்திருக்கும்போதே தயெர்லின் வந்துவிட்டாள். மஞ்சள் உடுப்பு, காதில் அவள் அம்மாவின் தோடு. கதவில் வந்து நின்றபோது, இத்தனை வாரம் தன் கையால் ஆன அந்த முகத்தை நொஹேலியா முழுசாகப் பார்த்தாள். நெஞ்சு எரிந்தது, அந்த நேரத்திலும்.

"என்னடி கொமாத்ரே, காலைல எடுத்த ரத்தம் இன்னுமா காயல? எல்லாரும் காத்திருக்காங்க."

"தயெர், இந்த ஊசி வேண்டாம்."

"என்னது?"

"எண் ஐம்பத்தெட்டு. நாப்பது தாண்டினா போடக் கூடாது."

தயெர்லின் கருவியைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். அந்தப் பெரிய பழுப்புக் கண்கள் மெல்லச் சுருங்கின.

"இத்தன வாரம் நான் நல்லாத்தான் இருந்தேன். கடைசி நாள் பாத்து எண் ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சு."

"நொஹேலியா, நான் ஒண்ணும் முட்டாள் இல்ல. நீ என்னைப் பாக்குற பார்வை எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? எவேலியோ ரெண்டு ரொட்டி வெச்ச அன்னைலேருந்து தெரியும். சின்ன வயசுலேருந்து அதே பார்வைய நான் உன்மேல வெச்சிருந்தவதான்டி. எனக்கு அது நல்லாவே அடையாளம் தெரியும்."

இதை நொஹேலியா எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருடத்தில் தயெர்லின் ஒரு தடவைகூட இதைச் சொன்னதில்லை.

"நீ பொறாமைப்படுற. அவ்வளவுதான் விஷயம். ஊசியப் போடு."

"ஆமா, பொறாமைதான்" என்றாள் நொஹேலியா. "ஒன்பதாவது வாரம் உனக்குப் பாதி மருந்துதான் போட்டேன். மிச்சத்துக்கு உப்புத்தண்ணி. உன் அழகு நின்னு போகணும்னு போட்டேன். அத நான் வேணும்னு செஞ்சேன். இந்த எண்ணை நான் ஏத்தல. ரெண்டும் வேற வேற."

தயெர்லின் அறைவாள் என்று நொஹேலியா நினைத்தாள். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தயெர்லின் கையை நீட்டினாள்.

"குப்பியக் கொடு."

"தயெர்—"

"கொடுன்னேன்."

கொடுத்தாள். தயெர்லின் குப்பியை வாங்கி மேசையில் வைத்தாள். பிறகு நொஹேலியாவைத் தோளால் தள்ளிவிட்டு, கருவியைத் தன் பக்கம் இழுத்து, புது ஊசிமுனை ஒன்றைப் பிரித்தாள். காலையில் நொஹேலியா செய்ததைப் பார்த்தபடியே செய்தாள். தன் விரலைத் தானே குத்தினாள். ஆழமாகக் குத்திவிட்டாள், மஞ்சள் உடுப்பில் ஒரு துளி பட்டது. ரத்தத்தைக் கருவியில் விட்டுவிட்டு நின்றாள்.

ஐம்பத்தொன்பது.

அதே நேரத்தில் செவ்வாயிலிருந்து பதில் வந்தது. தயெர்லினே அதை வாய்விட்டுப் படித்தாள். எக்காரணம் கொண்டும் போடவேண்டாம். நடுவில் அளவு குறைந்தால் சில உடம்புகள் இந்த மருந்தைப் பகையாக எடுத்துக்கொள்ளும். குறையாமல் போட்டவர்களிலும் இப்படி ஆனதுண்டு. எதனால் என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. இதை ஊர்க்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டியது என் கடமை.

"அப்ப உன்னாலயா இல்லையா?" என்று கேட்டாள் தயெர்லின்.

"தெரியல."

"தெரியாதாம்." தோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "சாகுற வரைக்கும் எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. நல்லா இருடி."

கதவை அவள் அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்திவிட்டுப் போனாள். அன்று விருந்து நடக்கவில்லை.

ஊர்க்குழு மூன்று நாள் கழித்துக் கூடியது. தலைவி சொராய்தா அம்மா எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டாள். நொஹேலியா எதையும் மறைக்கவில்லை. 'ஆம்' என்று எழுதிய பொய்யையும் சொன்னாள். கடைசியில் தயெர்லினிடம், "நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டார்கள்.

"அவ ஒரு தடவ பொய் சொன்னா, ஒரு தடவ உண்மையும் சொன்னா. ரெண்டாவதால நான் உயிரோட இருக்கேன். ஆனா இனிமே என் கையத் தொட வேண்டாம்."

நொஹேலியாவை மருத்துவ அறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஒரு நர்ஸ் வந்தாள். நொஹேலியா பனி உடைக்கிற பகுதிக்குப் போனாள். தடித்த கையுறை, முகமூடி, பத்து மணி நேரம் அதிர்கிற இரும்பு. அங்கே யாரும் யாருடைய முகத்தையும் பார்க்க முடியாது. அவளுக்கு அது பிடித்திருந்தது.

வீட்டில் ஒஸ்வால்தோ ஒரே ஒரு தடவை கேட்டான்.

"ஏன் நொஹே?"

"நீ அன்னைக்கு ஷேவ் பண்ணே."

அவன் தாடையைத் தடவிக்கொண்டான். "நான் உன்கிட்ட கேட்டிருக்கலாம், நீ என்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றான்.

தயெர்லினின் எண் ஆறு வாரத்தில் இறங்கியது. அழகும் கூடவே இறங்கியது. கன்னக் குழிகள் முதலில் வந்தன, பிறகு கண்கள் இடுங்கின. சாப்பாட்டுக்கூடத்தின் மறுகோடியிலிருந்து நொஹேலியா அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை. எவேலியோவின் கை ஒரு ரொட்டிக்குத் திரும்பிய நாளும் அவளுக்குத் தெரியும். அன்று தனக்கு நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. ஏனென்றால் தயெர்லின் அந்த ஒரு ரொட்டியைப் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு வை. போன மாசம் இருந்த அதே வயிறுதான் இப்பவும் இருக்கு" என்றாள் சத்தமாக. எவேலியோ காது சிவக்க இன்னொன்று வைத்தான். முகம் பழையதாகத் திரும்பிவிட்டது, அந்தப் பழைய கேலி திரும்பவில்லை. தன்னால் ஒருபோதும் அப்படிக் கேட்க முடியாது என்று நொஹேலியாவுக்குத் தெரிந்தது. நெஞ்சுக்குள் அதே எரிச்சல்.

யுலிமாரின் முதல் நற்கருணை அந்த வருடக் கடைசியில் வந்தது. ஞானத்தாய் பக்கத்தில் நிற்கவேண்டும். தயெர்லின் வருவாளா என்று யாரும் கேட்கவில்லை. அவள் வந்தாள். சிறிய கோயிலில் வெள்ளை உடுப்போடு யுலிமார் நடுவில், ஒரு பக்கம் தாய், ஒரு பக்கம் ஞானத்தாய். ஐந்து மாதத்துக்குப் பிறகு இருவரும் இத்தனை பக்கத்தில் நின்றார்கள். பாட்டுக்காரர்கள் கிதாரைச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

தயெர்லின் முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"இன்னும் இருக்கா?"

எது என்று நொஹேலியா கேட்கவில்லை. "இருக்கு" என்றாள்.

"இப்ப என்கிட்ட என்னடி இருக்கு, பொறாமைப்பட?"

"புள்ள உன் கையப் புடிச்சிருக்கா."

தயெர்லின் குனிந்து பார்த்தாள். யுலிமார் ஞானத்தாயின் விரல்களைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள், அம்மாவின் பக்கத்துக் கை சும்மா தொங்கியது. தயெர்லினின் பெரிய தாடை கொஞ்சம் அசைந்தது. சிரிப்பா, வேறெதுவுமா என்று சொல்ல முடியவில்லை.

"புடிக்கட்டும்" என்றாள். "பொறாமை இல்லன்னு பொய் சொல்லியிருந்தா இப்பவே கிளம்பியிருப்பேன்."

பாட்டு தொடங்கிவிட்டது.

அன்று சாப்பாட்டுக்கு அவள் அவர்கள் வீட்டுக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு கதவைத் தட்டினாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. யுலிமாரிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, நொஹேலியா நீட்டிய காபியை நின்றபடியே குடித்து முடித்து, கோப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.